பொம்மைத் துப்பாக்கியும் நிஜ பயமும்

தீபாவளி நெருங்கினால் தில்லி கரோல் பாக்கின் நடைபாதைக் கடைகளில் பொம்மைத் துப்பாக்கிகளும் வந்துவிடும். சிவப்பும் பச்சையுமான பிளாஸ்டிக் துப்பாக்கியைப் பார்த்து யாரும் மிரள்வதில்லை. ஆனால் பிள்ளைகள் கைகாட்டுவது, அசலைப் போல் கனக்கும் கறுப்பு ரகத்தைத்தான். பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது நிஜமா, போலியா என்று தெரிய வழியில்லை. 2008 செப்டம்பர் 13 அன்று கஃபார் மார்க்கெட்டில் குண்டு வெடித்ததைப் பார்த்த வட்டாரம் இது. கூட்டத்தில் ஒருவர் அலறினால் போதும், பிறகு யாரும் நின்று விசாரிக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? சுடுமோ சுடாதோ, பார்வைக்குத் துப்பாக்கி போல் இருந்தால் அது போலித் துப்பாக்கி என்கிறது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாமல் அதை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதை 6-ஆவது பிரிவு தடுக்கிறது. கைதாகாமல் தப்ப அதை நீட்டினால், 28-ஆவது பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. பொம்மையைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்தாலும் அது கொள்ளைதான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 309-ஆவது பிரிவு, பறிகொடுத்தவரின் அச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

சரி, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத சிறுவன் அதை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால்? ஆயுதச் சட்டத்தில் அதற்கென்று தனிப் பிரிவு இல்லை. பிரிட்டனில், தக்க காரணமின்றிப் போலித் துப்பாக்கியுடன் பொது இடத்துக்கு வருவதே குற்றம். அசலை அப்படியே உரித்து வைத்த போலிகளை விற்கவும் அங்கே 2007 முதல் தடை. சினிமா, அருங்காட்சியகம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கியின் முனைக்கு ஆரஞ்சு நிறம் கேட்டு 1988-இல் சட்டம் வந்தது. 2014 நவம்பர் 22 அன்று கிளீவ்லாந்து பூங்காவில் 12 வயது டமிர் ரைஸ் வைத்திருந்த விளையாட்டுத் துப்பாக்கியில் அந்த ஆரஞ்சு முனை இல்லை. போலீசுக்குப் போன் செய்தவர், அது போலியாக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். வந்த போலீஸ்காரர்களுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. கார் நின்ற ஓரிரு நொடிகளில் குண்டு பாய்ந்தது. மறுநாள் சிறுவன் இறந்தான்.

விளையாட்டு வினையாகும் என்பார்கள். இங்கே வினை, விளையாடுகிறவன் மனதில் இல்லை; பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது. நோக்கத்தை விசாரிக்க நீதிமன்றத்துக்கு நேரம் உண்டு. தெருவில் நிற்கும் காவலருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. பொம்மை, பொம்மையாகவே தெரிய வேண்டும் என்ற விதி இந்தியாவுக்கும் வேண்டும். அதுவரை நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெற்றோருடையது.