மூன்று வாரம் பஸ் ஸ்டாப்பில் நின்ற என் முகம்!

நான் வயசுக்கு வந்தபோது ஏழாம் வகுப்பு. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு சித்தப்பா ஆசை ஆசையாகப் பெரிய பேனர் அடித்து, எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் சவுக்குக் கட்டை நட்டுக் கட்டிவிட்டார். நடுவில் பட்டுப் பாவாடையில் நான். சுற்றிலும் கைகூப்பியபடி மாமாக்கள், பெரியப்பாக்கள்.

என் வகுப்புப் பையன்களும் அதே ஸ்டாப்பில்தான் பஸ் ஏறுவார்கள். விழா முடிந்தும் மூன்று வாரம் அதை யாரும் அவிழ்க்கவில்லை. அதுவரை அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்துபோய் பஸ் ஏறினேன். சித்தப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் பாசத்தில் வைத்தது. என்னைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

இப்போது சென்னையில் வேலை. பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலையில்தான் தினமும் ஸ்கூட்டி ஓட்டுகிறேன். 2019 செப்டம்பர் 12 அன்று இந்தச் சாலையில்தான் ஒரு கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயது இன்ஜினீயர் பெண் கீழே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர்மீது ஏறியது. அந்த பேனரும் யாரோ ஒருவர் வீட்டு சந்தோஷம்தான்!

'அது அனுமதியில்லாத பேனர். முறைப்படி வைத்தால் என்ன?' என்று கேட்கலாம். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் புயல்காற்றில் சரிந்த ராட்சத ஹோர்டிங் 17 பேரின் உயிரைப் பறித்தது. மாநகராட்சி விதிப்படி உச்ச அளவு 40க்கு 40 அடி. அங்கே நின்றதோ அதைவிடப் பல மடங்கு பெரியது! அதற்கு ரயில்வே போலீஸ் அனுமதி கொடுத்திருந்தது.

ஆபத்து ஒருபக்கம் இருக்கட்டும். டிவியில் விளம்பரம் வந்தால் சேனலை மாற்றலாம். போனில் 'ஸ்கிப்' செய்யலாம். ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டா வண்டி ஓட்ட முடியும்?

பிரேசிலின் சாவ் பாலோ நகரம் 2007-ல் ஹோர்டிங்குகளை மொத்தமாகத் தடை செய்தது. ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். கடைகளுக்குப் பெயர்ப் பலகை உண்டு. ஆனால், கடை முகப்பின் அகலத்தைப் பொறுத்துதான் பலகையின் அளவு. பின்னாளில் பஸ் ஸ்டாப் நிழற்குடைகளில் விளம்பரத்தை அனுமதித்தார்கள். நம் ஊருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். உங்கள் கடை வாசலில் உங்கள் பெயர் இருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவான ரோடும் நடைபாதையும் வேண்டாம்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். நான் வேலை பார்ப்பதே விளம்பர வருமானத்தில் ஓடும் இணையதளத்தில். ஃபிளெக்ஸ் கடையில் வேலை செய்யும் அண்ணன்களின் பிழைப்பும் இதில் இருக்கிறது. தடை வந்தால் அவர்கள் வேறு வேலைக்கு மாற அவகாசம் கொடுத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

அடுத்த மாதம் அண்ணன் கல்யாணம். "பஸ் ஸ்டாப்ல ஒண்ணு, மெயின் ரோட்டுல ஒண்ணு வெச்சிடலாமா?" என்று சித்தப்பா போன் செய்தார். பத்து வருடத்துக்கும் மேலாகச் சொல்லாமல் வைத்திருந்த ஸ்டாப் கதையை அன்றுதான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமேடா கண்ணு" என்றார்.

மண்டபத்து காம்பவுண்டுக்குள் ஒரே ஒரு பேனர் வைப்பதாக முடிவாகியிருக்கிறது. அதில் என் போட்டோ வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். பெரியப்பாக்களை எப்படிச் சமாளிப்பது என்றுதான் தெரியவில்லை!