சிக்ஸ் அடிச்சால் அவுட்

ஒரு சீசனில் ஆர் கூட சிக்ஸ் அடிச்சது எண்டு கேட்டால், எங்கட பெடியள் யோசிக்காமல் சொல்லுவாங்கள். 2012 ஐ.பி.எல்.லில் கிறிஸ் கெய்ல், 59. 2019 இல் அன்ட்ரே ரஸல், 52. 2024 இல் அபிஷேக் சர்மா, 42. அமெரிக்காவில் பேஸ்போல் பார்க்கிறவர்கள் ஹோம் ரன் கணக்கை இப்படித்தான் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அங்கே உச்சம் 2001 இல் பாரி பொண்ட்ஸ் அடித்த 73. ஆனால் அங்கே ஒரு அணிக்குச் சீசனில் 162 ஆட்டங்கள். கெய்லுக்கு 59 அடிக்க 15 ஆட்டம் போதுமாக இருந்தது.

இவ்வளவும் தெரிந்த நாங்கள் தீவில் விளையாடுற இடத்தில, சிக்ஸ் அடிச்சால் அவுட்.

காரணம் சின்னது. தூக்கி அடிச்சால் பந்து ஆற்றயும் வளவுக்குள்ள போகும், இல்லாட்டி பனங்கூடலுக்குள்ள, இல்லாட்டிக் கடலுக்குள்ள. சோளகம் வீசுற மாதங்களில் பந்து எங்க விழும் எண்டு சொல்லவே ஏலாது. நெடுந்தீவுப் பெடியளுக்குப் புதுப்பந்து வாறதும் குறிகட்டுவானில் இருந்து படகிலதான். அதனால நிலத்தோட அடிக்கப் பழகினோம். பந்து தொலையாமல் விளையாடுறவன்தான் எங்களுக்கு நல்ல துடுப்பாட்டக்காரன்.

எல்.பி.எல்.லில் யாழ்ப்பாணத்தின் பெயரில் ஆடின அணி 2020, 2021, 2022, 2024 எண்டு நாலு தரம் கிண்ணம் தூக்கினது. ஒரு ஆட்டம்கூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. அந்த அணிக்காக அடிச்சு நொறுக்கினவர்கள் அவிஷ்க பெர்னாண்டோ, ரைலி ரூசோ போன்றவர்கள். நாங்களும் விசிலடிச்சுத்தான் பார்த்தோம். ஆனால் யாழ் மத்திய கல்லூரியில் இருந்து போய்ப் பெயர் எடுத்த விஜயகாந்த் வியாஸ்காந்த் ஒரு சுழற்பந்து வீச்சாளர். 2024 மே 8 இல் ஹைதராபாத் அணிக்காக அவர் முதல்முதலாக ஐ.பி.எல். ஆடினார். நாலு ஓவரில் 27 ஓட்டம்தான் குடுத்தார். அதே ஆட்டத்தில் அபிஷேக்கும் ட்ராவிஸ் ஹெட்டும் 166 என்ற இலக்கை 58 பந்தில் முடிச்சவை.

பந்து வீச ஒரு சுவரும் ஒரு துண்டு நிலமும் காணும். சிக்ஸ் அடிச்சுப் பழக அகன்ற மைதானம் வேணும், தொலைஞ்சாலும் பரவாயில்லை எண்டு பத்துப் பந்து வேணும், கடினப்பந்து வேணும், சொல்லித்தர ஒரு ஆள் வேணும். சிக்ஸ் பட்டியலை நாங்கள் அப்படித்தான் வாசிக்கிறோம்: கை பலத்தோட, ஆருக்கு என்ன கிடைச்சது எண்டதும் அதில இருக்கு.

2025 செப்டம்பர் 1 இல் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பண்ணைப் பாலம் தாண்டினால் வாற எங்கட தீவு. சந்தோசம்தான். அதோட ஒரு கேள்வியும் இருக்கு. ஆட்டம் இல்லாத நாட்களில் அந்தக் கேற் வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவுப் பிள்ளையளுக்குத் திறக்குமோ? பெட்டையளுக்கும் பயிற்சி நேரம் இருக்குமோ? கடைசிப் படகைப் பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு எந்த நேரம் ஒதுக்குவினம்?

கைதட்ட எங்களுக்கு ஏற்கெனவே நல்லாத் தெரியும். தூக்கி அடிக்கிறதைத்தான் இனிப் பழக வேணும்.