வெள்ளெழுத்து

அம்மா தைக்க உட்கார்ந்தால் முதலில் என் பெயர்தான் கேட்கும். "ஏட்டி, இந்த ஊசியில நூலைக் கோத்துத் தந்துட்டுப் போ." நாங்கள் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு வளவு வீட்டில் குடியிருந்தோம். வளவிலிருந்த ஐந்து குடும்பங்களிலும் நாற்பதைத் தாண்டிய பெண்கள் இருந்தார்கள். ஆகவே ஐந்து வீட்டு ஊசிகளும் என்னைத் தேடி வரும். நூலின் நுனியை எச்சிலில் நனைத்து முறுக்கி, ஒரே குத்தில் ஊசியின் காதில் நுழைத்துக் கொடுப்பேன். அந்தப் பெண்கள் ஊசியைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னுக்கு இழுத்து, வாயைக் கோணி முயற்சி செய்வதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும். இவ்வளவு பெரிய ஓட்டை இவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

எனக்கு 43 வயது நடந்தபோது, வகுப்பில் பரிமேலழகர் உரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குறள் தெரிந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் இருந்த உரை, மழை விழுந்த கோலம்போல் கலைந்து கிடந்தது. கை தானாகப் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தது. தலை தானாகப் பின்னுக்குப் போனது.

அன்றைக்கே நான் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போயிருக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் போகவில்லை. அந்த ஒன்றரை ஆண்டுகளில் நான் கையாண்ட தந்திரங்களை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. உரைநூலை மாணவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். அதற்கு 'வாசிப்புப் பயிற்சி' என்று பெயரும் வைத்தேன். சன்னலோர மேசைக்கு மாறிக்கொண்டேன். கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி பெரிய துணையாக இருந்தது. கூட்டங்களில் சுற்றறிக்கை வந்தால், "நீங்களே சொல்லிவிடுங்கள், என்ன போட்டிருக்கிறது?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன். பாடத்தை நினைவிலிருந்தே நடத்தினேன். "அம்மா புத்தகமே இல்லாம நடத்துறாங்க" என்று மாணவர்கள் வியந்ததாக ஒரு நண்பர் சொன்னபோது, கூச்சமே இல்லாமல் அந்தப் புகழை ஏற்றுக்கொண்டேன்.

தமிழ் வாத்தியார்களுக்கு எந்தத் துன்பம் வந்தாலும் முதலில் அதன் சொல்லை ஆராயத் தோன்றும். நானும் அதைத்தான் செய்தேன். இந்தக் குறைக்குத் தமிழில் 'வெள்ளெழுத்து' என்று பெயர். மலையாளத்திலும் ஏறக்குறைய இதே சொல்தான். நோயைக் கண்ணின் பெயரால் சொல்லாமல் எழுத்தின் பெயரால் சொன்னவர் யாரோ, அவர் ஏட்டோடு வாழ்ந்தவராக இருக்க வேண்டும். எழுதப்படாத ஓலைக்கு வெள்ளோலை என்று பெயர். வள்ளுவர் புல்லறிவைச் சொல்ல வெண்மை என்ற சொல்லை ஆள்கிறார். வெள்ளை என்றால் நம் மொழியில் தூய்மை மட்டுமல்ல, வெறுமையும்தான். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 'சாளேஸ்வரம்' என்பார்கள். கேட்பதற்கு ஏதோ ஊர்க்கோயிலில் குடியிருக்கும் சாமியின் பெயர்போல இருக்கும். உண்மையில் அது நாற்பது என்று பொருள்படும் 'சாலீஸ்' என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது. தெலுங்கர்கள் இதைச் 'சத்வாரம்' என்கிறார்கள். அதுவும் வடமொழி நாற்பதுதான். வயதையே நோயின் பெயராக்கி, இது எல்லோருக்கும் வருவது, ஒளிக்க ஒன்றுமில்லை என்று மூன்று மொழிக்காரர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். (சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியில் இந்தச் சொல்லைப் பார்க்கப் போய், அந்தப் பொடியெழுத்தை வாசிக்க முடியாமல் மூடி வைத்ததையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.)

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஏன் ஒளித்தேன்? அழகு போய்விடும் என்ற கவலை கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். என் தாத்தாவின் முகமும் ஒரு காரணம். அவருக்குப் புரை அறுவை நடந்த காலத்தில் கண்ணுக்குள் செயற்கை வில்லை பொருத்தும் வழக்கம் எங்கள் பக்கம் வரவில்லை. வில்லையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கண்கள் மாட்டுக் கண்கள்போலப் பெரிதாகத் தெரியும். நான் பயந்து அழுதிருக்கிறேன். ஆனால் இவற்றைவிடப் பெரிய காரணம் வேறு. வாசிப்பதுதான் என் தொழில். வாசிக்க முடியவில்லை என்று சொல்வது, குயவர் தனக்குக் கை நடுங்குகிறது என்று சொல்வதுபோல எனக்குப்பட்டது.

அந்தப் பருவத்தின் இரண்டாம் அகத்தேர்வில் 'அவர்வயின் விதும்பல்' அதிகாரத்திலிருந்து ஒரு பத்து மதிப்பெண் வினா கேட்டிருந்தேன். விடைத்தாள்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் திருத்தி முடித்துச் செவ்வாயன்று கொடுத்தேன். அன்று கல்லூரி விட்ட பிறகு, ஒரு மாணவி துறையறை வாசலில் வந்து நின்றாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அம்மா, எனக்கு மூணு மார்க் போட்டிருக்கீங்க."

"சரியா எழுதலன்னாதான மூணு வரும்?"

"எழுதியிருக்கேம்மா. என் எழுத்து பொடியா இருக்கும். நான் வேணா வாசிச்சுக் காட்டட்டுமா?"

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தன் கையெழுத்தைத்தான் குறை சொன்னாள். நான் உட்காரச் சொன்னேன். வாசித்தாள்.

அந்த அதிகாரத்தின் முதற்குறள் 1261ஆவது. தலைவன் போன வழியைப் பார்த்துப் பார்த்துத் தலைவியின் கண் ஒளியிழந்தது. அவன் போன நாள்களைச் சுவரில் கோடிட்டு, அவற்றைத் தொட்டு எண்ணி அவள் விரல் தேய்ந்தது. கண் நுண்ணியவற்றைக் காணமாட்டாமல் போயிற்று என்று பரிமேலழகர் பொருள் விரிக்கிறார். எல்லோரும் எழுதுவது இவ்வளவுதான். அவள் தன் ஆச்சியைப் பற்றி எழுதியிருந்தாள். ஆச்சியின் கணவர் பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர், பல ஆண்டுகள் ஊர்ப்பக்கமே வரவில்லை. ஆச்சி மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தார். நாற்பது வயதுக்கு மேல் நூல் கட்டுவது அவருக்குச் சரியாக வரவில்லை, கடையில் கழித்துத் தள்ளிய பீடிகள் கூடின, கூலி குறைந்தது. கண்ணீர் விட்டுவிட்டுக் கண் போயிற்று என்றே ஆச்சி கடைசிவரை நம்பினார். இதையெல்லாம் எழுதிவிட்டு அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: குறளில் வரும் தலைவியை நாம் ஏன் எப்போதும் இளம்பெண்ணாகவே வைத்துக்கொள்கிறோம்? விரல் தேயும் அளவுக்கு நாள் போயிருந்தால் அவளுக்கு வயதாகியிருக்காதா? கிட்டத்தில் இருக்கும் கோட்டைக் கண்ணால் பார்க்க முடியாததனால்தான் விரலால் தடவி எண்ணுகிறாளோ?

அவள் வாசித்து முடித்ததும் நான் சிறிது நேரம் பேசவில்லை. இருபது ஆண்டுகளாக அந்தக் குறளை நடத்துகிறேன். கண்ணும் விரலும் ஒரே வரிசையில் நிற்பது எனக்குத் தெரியும். ஒன்றின் வேலையை மற்றொன்று ஏற்றுக்கொண்டிருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. விளக்கம் இலக்கணப்படி நிற்குமா என்று வாதிடலாம், அது வேறு. மூன்று மதிப்பெண் விடை அல்ல அது.

நான் அதை வாசிக்கவே இல்லை என்பதுதான் நடந்தது. ஆனால் வாசித்ததாகவே நினைத்திருந்தேன். இதை இன்னும் அடிக்கடி யோசிக்கிறேன். எழுத்து மங்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. தெரிந்ததைக் கொண்டு தெரியாததை நிரப்பிவிடுகிறது. ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்பது தெரியாது. நெட்டெழுத்தின் காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். இடம் நோக்கி ஊகித்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் பதிப்பாசிரியர்கள் தங்கள் ஊகத்தை நம்பாதவர்கள். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர் எத்தனை ஊர்களுக்கு அலைந்து எத்தனை பிரதிகளை ஒப்பிட்டார் என்பதை வகுப்பில் நானே பெருமையாகச் சொல்லுவேன். நானோ வழக்கமான விடை எப்படி இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, தாளில் அதன் நிழல் தெரிகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். வழக்கமாக எழுதியவர்களுக்கு என் கண்ணால் ஒரு கேடும் வரவில்லை. புதிதாக யோசித்தவள் அடிபட்டாள்.

அன்று இரவு அம்மாவின் மாத்திரை அட்டையில் தேதி பார்க்க முயன்றுகொண்டிருந்தேன். அம்மாவுக்கு இப்போது 74 வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்து வில்லை வைத்தாயிற்று. படிக்க மட்டும் கண்ணாடி போடுவாள். நான் விளக்கின் அடியில் அட்டையை அப்படியும் இப்படியும் திருப்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். "இதப் போட்டுப் பாரு. எத்தன நாளைக்குத்தான் இப்படி நடிப்ப?" போட்டேன். எழுத்துகள் வரிசையாக எழுந்து நின்றன. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவளும் ஒரு காலத்தில் இப்படித்தான் நடித்தாளாம். என்னை ஊசி கோக்கக் கூப்பிட்டதற்கு முந்தைய ஓராண்டு, கிழிந்த துணிகளைத் தைக்காமலே மூட்டை கட்டி வைத்திருந்தாளாம்.

கண் மருத்துவர் ஓர் இளைஞர். பொறுமையாக விளக்கினார். கண்ணின் வில்லை வாழ்நாள் முழுதும் அடுக்கடுக்காக வளர்ந்துகொண்டே இருக்கிறதாம். புதிய அடுக்குகள் வெளியே சேரச் சேர உள்ளே இருப்பவை இறுகிவிடுகின்றன. கிட்டத்தில் பார்க்க வில்லை சற்று உப்ப வேண்டும். இறுகிய வில்லை உப்பாது. பத்து வயதுப் பிள்ளை ஏழெட்டு சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் படிக்க முடிகிறதை, அறுபது வயதுக்காரர் ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கை அவ்வளவு நீளம் இல்லை. கண்ணாடி போட்டால் கண் மேலும் கெடும் என்பது தவறு, போடாவிட்டாலும் வில்லை இறுகிக்கொண்டேதான் போகும் என்றார். கண்ணின் அழுத்தத்தையும் விழித்திரையையும் சோதித்தார். நாற்பதுக்கு மேல் வருகிறவர்களை வெறும் கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்புவதில்லையாம்; வலியில்லாமல் பார்வையைத் தின்னும் நோய்கள் அப்போதுதான் பிடிபடும். எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு கண்ணுக்கும் ஒன்றே முக்கால் எழுதிக் கொடுத்தார்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அசாமில் தேயிலை பறிக்கும், நாற்பது வயதைத் தாண்டிய ஏறத்தாழ 750 தொழிலாளரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2018இல் லான்செட் குழும இதழொன்றில் வந்திருக்கிறது. பாதிப் பேருக்கு மட்டும் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகப் பறித்தார்கள். அந்த ஆச்சியை நினைத்துக்கொண்டேன். மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி பணி ஓய்வு பெற்ற பின், தம் 58ஆம் வயதில், மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு 11 படுக்கைகள் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது 1976இல். ஊர் ஊராக முகாம்கள் நடந்த காலத்தில்தான் ஆச்சியும் பீடி சுற்றிக்கொண்டிருந்திருப்பார். அழுததனால் கண் போயிற்று என்று நம்புகிறவர் எதற்காக முகாமுக்குப் போவார்? எனக்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை. தெருமுனையில் கண்ணாடிக் கடை இருந்தது, சம்பளம் இருந்தது, சொல்லின் வேர்வரை தெரிந்திருந்தது.

கண்ணாடி வந்ததும் அந்தத் தேர்வின் 48 விடைத்தாள்களையும் மாணவரிடமிருந்து திரும்ப வாங்கினேன். "கண்ணாடி இல்லாமல் திருத்திவிட்டேன், மறுபடி பார்க்கிறேன்" என்று வகுப்பில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, ஒருவன் மட்டும், "அம்மா, கொறச்சுடாதீங்க" என்றான். ஒன்பது பேருக்கு மதிப்பெண் கூடியது. இரண்டு பேருக்குக் குறைந்திருக்க வேண்டும், தொடவில்லை. அந்தப் பெண்ணுக்கு மூன்றை அடித்து ஒன்பது போட்டேன். ஒன்றை ஏன் பிடித்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

தாள்களைப் புரட்டும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பதினேழு தாள்களின் ஓரத்தில் நான் ஒரே குறிப்பை எழுதியிருந்தேன். 'தெளிவாக எழுதவும்.' சிவப்பு மையில், முன்பெல்லாம் நான் எழுதுவதைவிட இரண்டு பங்கு பெரிய எழுத்தில், எனக்குத் தெரியும்படி.