யூ.எம்.எஸ் வந்துருச்சா கண்ணு?

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ குடிச்சிட்டே படிங்க.

வார்டுல ஒரு பெரியவர். வயசு 90 தாண்டிருச்சு. பல்லடம் பக்கம் ஒரு கிராமம். ரெண்டு நாளா வாந்தி, அப்புறம் உளறல்னு பேரன் கூட்டிட்டு வந்தார். பேரன் பனியன் கம்பெனியில ஓவர்லாக் டைலர், ஷிஃப்டை விட்டுட்டு வந்திருக்கார்.

"அப்பாருக்கு புத்தி மாறிப்போச்சுங்க சார். யூ.எம்.எஸ் வந்துருச்சா, யூ.எம்.எஸ் வந்துருச்சான்னு ஒரே பொலம்பல். அப்படி ஒண்ணு எங்க ஊர்லயே இல்லீங்க."

ரத்தத்துல சோடியம் 114. 135க்கு மேல இருக்கணும். நீர் பிரிக்கும் வகை பிரஷர் மாத்திரையோட வாந்தியும் சேர்ந்தா வயசானவங்களுக்கு இப்படி இறங்கும், உளறுவாங்க. இதை மெதுவாத்தான் ஏத்தணும். அவசரப்பட்டா மூளைத்தண்டு பாதிக்கும். (வீட்டுல பெரியவங்க திடீர்னு குழம்பினா "வயசாச்சு"ன்னு விட்டுடாதீங்க, ரத்தம் பாருங்க.)

மூணாவது நாள் தெளிஞ்சுட்டார். தேதி, ஊரு, பேரன் பேரு எல்லாம் கரெக்ட். உளறல் போயிருச்சான்னு பார்க்கத்தான் யூ.எம்.எஸ் பத்திக் கேட்டேன்.

"பஸ்ஸு கண்ணு. நாயுடு பஸ்ஸு. எங்கய்யன் பழனிக்குக் கூட்டிட்டுப் போவாரு."

அவர் கேட்ட நேரம்தான் தப்பு, பஸ் நிஜம். பேரனுக்கு முகமே மாறிப்போச்சு. அன்னைக்கு நைட் டூட்டியில நான் தேட ஆரம்பிச்சேன்.

யூ.எம்.எஸ்னா யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். ஆரம்பிச்சவர் ஜி.டி. நாயுடு. 1893ல சூலூர் பக்கம் கலங்கல்ல பிறந்தவர். பள்ளிக்கூடம் பிடிக்கல. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயம்புத்தூர்ல ஓட்டல் சர்வரா வேலை செஞ்சு காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கி என்ன செஞ்சார்? ஓட்டினதை விட அக்கு அக்கா கழட்டி மாட்டினதுதான் முக்கியம்.

அடுத்ததுதான் நம்ம ஊர்க்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது. முதல் உலகப்போர் சமயத்துல அவர் திருப்பூர்ல பருத்தித் தொழில் பண்ணினார். நல்ல லாபம். அதைத் தூக்கிட்டு பம்பாய் பருத்திச் சந்தைக்குப் போய் மொத்தமா விட்டார். கையில ஒண்ணும் இல்லாம திரும்பினவருக்குக் கைகொடுத்தவர் கோவை ராபர்ட் ஸ்டேன்ஸ். 1920ல ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சி - பழனி ரூட். டிரைவரும் நாயுடுதான். பெரியவர் பழனின்னு சொன்னது எனக்கு அப்பதான் உறைச்சுது.

அந்த ஒரு பஸ் பெரிய கம்பெனியாச்சு. பொள்ளாச்சியில 1931ல ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் வந்துச்சு, நாச்சிமுத்து கவுண்டரோடது. 1972ல அரசு பஸ்களை எடுத்தப்போ சேரன் போக்குவரத்துக் கழகம். 1997ல அந்தப் பேரும் போய் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆச்சு. ஒவ்வொரு தடவை பெயிண்ட் அடிக்கும்போதும் பழைய பேரு அடியில போயிரும். அந்தப் பேரு தெரிஞ்சவங்க இப்ப என் வார்டுல படுத்திருக்காங்க.

வாட்ஸப்ல நாயுடுவை "இந்தியாவின் எடிசன்"னு சொல்லி வர்ற பட்டியல்கள் எனக்கு ஒத்துக்காது. பாதி மிகையா இருக்கும். எனக்கு முக்கியமாப் படுறது வேற. 1932ல பைக்காரா நீர்மின்சாரம் வந்துச்சு. மில்லுக்கும் கிணத்துக்கும் மோட்டார் வேணும், மோட்டாரோ வெளிநாட்டுல இருந்து வரணும். 1937ல டி. பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து இவர் இங்கேயே மோட்டார் தயாரிச்சார். அந்த பாலசுந்தரம்தான் பின்னாடி டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினவர். பஸ்ஸைக் கழட்டி மாட்டின ஊருதான் பம்ப்செட் ஊரா ஆச்சு.

இந்தக் கழட்டிப் பார்க்குற புத்தி இன்னும் இங்கதான் இருக்கு. வெளிநாட்டு நிட்டிங் மெஷினை, கேட்லாக் படிக்கத் தெரியாமலே, சத்தத்தை வச்சே கோளாறு கண்டுபிடிக்கிற மெக்கானிக்குகள் எங்க ஓ.பி.க்கு சுகர் மாத்திரை வாங்க வர்றாங்க. ஸ்டெத் வச்சு நான் செய்யற அதே வேலை. என்ன, அவங்களுக்கு டிகிரி இல்லை.

கோவை அவிநாசி ரோட்டுல 2025 அக்டோபர்ல திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பேரு வச்சிருக்காங்க. அதே ரோட்டுல அவர் பேருல கார் மியூசியமும் இருக்கு, குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போங்க. ஆனா எனக்கு வேணுங்கறது அங்க இருக்குற பளபளப்பான கார் இல்ல. பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் யார் வீட்டுப் பீரோவுலயாவது ஒரு யூ.எம்.எஸ் டிக்கெட், ஒரு கண்டக்டர் பேட்ஜ், பஸ் முன்னாடி நின்னு எடுத்த கல்யாண போட்டோ இருந்தா எடைக்குப் போட்றாதீங்க. கீழ கமெண்ட்ல போடுங்க. அடுத்த மாசம் பெரியவர் சோடியம் செக்கப்புக்கு வரும்போது காட்டணும்.