மதுரைப் பூச்சந்தையிலே

மதுரைக்குச் செல்லும் நம்மவர் மீனாட்சியம்மன் கோபுரங்களைக் காண்பர். திருமலை நாயக்கர் மகாலைக் காண்பர். சேலைக்கடைகளில் ஒரு பகலைக் கழித்து ஊர் திரும்புவர். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையைக் கண்டு வருவோர் மிகச் சிலரே. அதனைக் காண வேண்டுமாயின் கோழி கூவும் வேளையில் எழுந்திருக்க வேண்டும் என்பதும் அதற்கொரு காரணமாகலாம்.

சென்ற ஆவணியில் எம் தங்கையின் மகளுக்கு மதுரையில் திருமணம் நிகழ்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் கனடாவிலிருந்தும் நாம் யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்று கூடுவதற்கு அந்நகரே இசைந்தது. தங்கை கணவனை இழந்து ஆறாண்டுகளாகின்றன. மகளின் மணத்தைத் தன் சம்பாத்தியத்திலேயே நடத்துவது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். பூவுக்கென இந்திய ரூபாய் இருபதாயிரம் ஒதுக்கியிருந்தாள். அதற்கு மேல் ஒரு காசும் இல்லை. பத்து நாள் முன்னதாகவே சென்று, மாலை கட்டுவோர் ஒருவரைத் தெரிந்தெடுக்கும் பணி எமக்கும் அவளுக்கும் வாய்த்தது.

எளிய பணி என்று எண்ண வேண்டா. சாம்பாரில் உப்புக் குறைந்தால் இலையோரம் உப்பு வைத்துச் சமாளிக்கலாம். கூறைச் சேலையிலே பூவின் சாயம் இறங்கிவிட்டால் என் செய்வது? வெள்ளைச் சம்பங்கியை நீலத்திலும் பச்சையிலும் தோய்த்தெடுத்து மாலையாக்கும் வழக்கம் இப்பொழுது பரவியுள்ளது. நீர் தெளித்த மாலையொன்று கழுத்தில் ஒரு நாழிகை கிடந்தால் அச்சாயம் பட்டுக்குப் போய்விடும்.

நகரின் நடுவே குளிரூட்டிய கடை ஒன்றிற்கு முதலில் சென்றோம். ஒப்பனை மேடைகளின் படங்களைப் புரட்டிப் புரட்டிக் காட்டினர். தாய்லாந்து ஓர்க்கிட் பூக்கள் பற்றி அரைமணி நேரம் பேசினர். மாலையை யார் கட்டுவர், எப்பொழுது கட்டுவர் என்று வினவியபோது, "அதெல்லாம் கரெக்டா வந்துடும் சார்" என்ற ஒரே விடை கிடைத்தது. எழுந்து வந்துவிட்டோம். வேறிரு கடைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் விடியுமுன் மாட்டுத்தாவணிக்குச் சென்றோம். பழைய மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சியிலே படித்திருக்கின்றோம். பகற்சந்தை ஒன்று, இராச்சந்தை ஒன்று. இந்தப் பூச்சந்தையோ இரண்டுக்கும் நடுவே, இரவு முடிந்தும் முடியாத வேளையில் கூடுகின்றது. நிலக்கோட்டை, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மூட்டைகள் வந்து இறங்குகின்றன. சம்பங்கி, அரளி, செவ்வந்தி, மரிக்கொழுந்து எனக் குவியல் குவியலாய்க் கிடக்கும் அவ்விடத்தில் மல்லிகை மூட்டை அவிழும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

'மதுரை மல்லி' என்ற பெயருக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தடித்த இதழும், வாடாது தாங்கும் இயல்பும் இதன் சிறப்பு. ஆனால் அதன் நாற்றுக்கள் பெரும்பாலும் நம் தலைமன்னாருக்கு எதிர்க்கரையில் வளர்பவை என்பதை நம்மவருட் பலர் அறியார். இராமேசுவரத் தீவின் தங்கச்சிமடத்து மணற்பாங்கான நிலத்திலே பதியன்கள் வேர்பிடித்து, பின்னர் உள்நாட்டுத் தோட்டங்களுக்குப் போகின்றன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை, நம் முன்னோர் கப்பலிறங்கி இரயிலேறிச் சென்ற வழியும் அதுதான்.

சந்தையின் ஓரத்துச் சந்தொன்றில், ஓர் அம்மையார் தம் மருமக்கள் இருவரோடு சாக்கு விரித்து அமர்ந்து பூக்கட்டிக் கொண்டிருந்தார். நனைத்த வாழைநார் விரல்களிடையே ஓடியது. தங்கை தன் கைப்பேசியிலிருந்த மாலைப் படத்தை நீட்டினாள். அம்மையார் அதனைப் பார்க்கவில்லை. எம் பக்கம் திரும்பி, "முகூர்த்தம் எத்தனை மணிக்குண்ணே?" என்றார்.

அவ்வினாவை அதுவரை எவரும் கேட்டிலர்.

ஒன்பது மணிக்கு மேல் பத்தரைக்குள் என்றோம். "அப்ப மல்லிகை மாலை கட்டலாம். ஆறு மணி முகூர்த்தம்னா வேணாம்னு சொல்லிருப்பேன்" என்றார். விளக்கமும் அவரே தந்தார். விடியற்காலையில் பறித்த மொட்டு அன்று மாலையில் விரியும். மறுநாட் காலையில் பழுப்பேறும். விடிகாலை முகூர்த்தத்துக்கு அன்றைய பூ வந்து சேராது. முதல்நாள் மொட்டைப் பனிக்கட்டியில் வைத்து உறங்கச் செய்துதான் கட்ட வேண்டும். வெளியில் எடுத்ததும் அது வாடத் தொடங்கும். அத்தகைய முகூர்த்தங்களுக்குச் சம்பங்கியும் ரோஜாவுமே தாங்கும். அவற்றை இரவிலேயே கட்டிவிடலாம். எமக்கோ ஆறு மணிக்குப் பூ வாங்கி, ஆறு கைகள் சேர்ந்து எட்டரைக்குள் மாலையை முடிக்கலாமாம்.

திருப்புகலூரில் முருக நாயனார் பொழுது புலருமுன் எழுந்து, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலரும் கொய்து மாலை தொடுத்த வரலாற்றை வகுப்பில் பன்முறை உரைத்திருக்கின்றோம். விடியுமுன் எழுந்ததைப் பக்தி மேலீடு என்று மட்டுமே விளக்கி வந்தோம். அதிலே தொழிலறிவும் இருந்தது போலும்!

விலையிலேதான் சிக்கல் எழுந்தது. கட்டுகூலி இவ்வளவு என்று அம்மையார் உடனே சொல்லிவிட்டார். பூவின் விலையை மட்டும் சொல்ல மறுத்தார். அன்றைய விலை அன்று காலைதான் தெரியும். பங்குனி முதல் ஆனி வரை மலிந்து கிடக்கும் மல்லிகை மார்கழிப் பனியில் அருகிவிடும். கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்றது தை முகூர்த்தங்களில் சில ஆயிரத்தைத் தொடுவதும் உண்டு. ஆவணியிலும் முகூர்த்த நாளில் ஏறாமல் இராது.

"விலை தெரியாமல் எப்பிடி அண்ணை ஓமெண்டு சொல்லுறது?" என்று தங்கை எம் காதருகே கேட்டாள். அவள் அச்சம் நியாயமானதே. மற்றைக் கடைகள் முழுத்தொகையையும் முன்னரே சொல்லியிருந்தன. ஆனால் விலை ஏறும் நாளில் அத்தொகைக்குள் அடங்குவதற்கு எதைக் குறைப்பார்கள் என்பதை எவரும் சொல்லவில்லை.

தங்கை தன்னிடமுள்ள தொகையை மறைக்காமல் கூறினாள். அம்மையார் சிறிது எண்ணிப் பார்த்து, "அதுக்கு மேல போச்சுன்னா மாப்பிள்ளை மாலையில நடுவுல சம்பங்கி சேத்துக்கறேன்க்கா. பொண்ணு மாலையிலயும் தலைப்பூவுலயும் கை வைக்க மாட்டேன்" என்றார். முன்பணமாக ஆயிரம் ரூபாய் மட்டும் பெற்றுக்கொண்டார். மணமேடைக்கு வாழையும் மாவிலையும் தென்னந்தோரணமும் போதும் என்று நாமே முடிவு செய்தோம்.

மணநாளில் பூ விலை, நாம் சந்தைக்குச் சென்ற நாளினும் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. எட்டே முக்காலுக்கு வாழையிலையில் பொதிந்த மாலைகள் வந்தன. மணமகளின் மாலை முழுதும் மொட்டு. மணமகனுடையதில், சொன்னபடியே, நடுவில் சம்பங்கி. மாப்பிள்ளையின் பெரியதாயார் அதை உற்றுப் பார்த்தபோது எமக்குச் சற்று நடுக்கந்தான். அவரோ, "ஆம்பிளைக்கு இப்பிடித்தான் இருக்க வேணும், நல்ல எடுப்பு" என்று மெச்சினார்.

மறுநாள் கணக்குத் தீர்க்கச் சென்றோம். அம்மையார் துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்த கணக்கைக் காட்டி, மீதி நானூற்றைம்பது ரூபாயைத் திருப்பித் தந்தார். பின்பு ஒரு முழம் பூவை நறுக்கித் தங்கையிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் தங்கை.

அம்மையார் அவள் முகத்தையும் நெற்றியையும் பார்த்தார். தம் தலையைச் சற்றே திருப்பிக் காட்டினார். கொண்டையில் மல்லிகை இருந்தது. "எங்க வீட்டுக்காரர் போயி நாலு வருசமாச்சுக்கா. கட்டுற கைக்கு வச்சுக்கத் தெரியாதா?" என்றார்.

தங்கை வாங்கிக்கொண்டாள். விமான நிலையத்துக்குச் செல்லும் வண்டியில் அப்பூ அவள் மடியில் இருந்தது. கொழும்பில் இறங்கியபோது அது அவள் கொண்டையில் இருக்கக் கண்டோம். நாம் ஒன்றும் கேட்கவில்லை.