இறுகாத பிடி

விடாப்பிடிக்கு உவமை சொல்ல வந்தால் நம்மவர் உடும்பையே அழைப்பர். பற்றியதை விடாமையே பலம் என்ற எண்ணம் நம்முள் அவ்வளவு ஊறிவிட்டது. பிறேசிலிய ஜியு-ஜிற்சு என்னும் மற்போர்க் கலையைப் பயிலத் தொடங்கிய பின்னர், அவ்வெண்ணத்தை நான் ஐயுறலானேன்.

1914ஆம் ஆண்டிற் பிறேசிலுக்குச் சென்ற யப்பானிய ஜூடோ வீரர் மிற்சுயோ மயேடா விதைத்த கலை அது. கிறேசி குடும்பத்தார் அதனை நிலத்திற் கிடந்து பொருதும் போராக வளர்த்தெடுத்தனர். ஜூடோவில் எதிராளியை மல்லாத்தி 20 விநாடி அடக்கி வைத்தாலே வெற்றி கிட்டும். இங்கோ, அடக்கிய பின்னரும் போர் தொடரும்.

அடக்கும் நிலைகளுள் என் மனத்தைக் கவர்ந்தது, ‘வயிற்றின்மேல் முழங்கால்’ என்பது. மல்லாந்து கிடப்பவரின் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு முழங்காலை வைத்து, மற்றக் காலை அகல நீட்டிப் பாதத்தை நிலத்தில் ஊன்ற வேண்டும். போட்டியில் இந்நிலையை 3 விநாடி காத்தால் 2 புள்ளிகள் உண்டு.

நான் மெலிந்த உடலினன். என்னிலும் பாரமான ஒருவரை மார்போடு மார்பாய் இறுகக் கட்டினால், அவர் புரளும்போது நானும் சேர்ந்தே புரள்வேன். முழங்காலில் நிற்கும்போது அவர் அசைவு எனக்கு வழிகாட்டுகின்றது. அவர் மறுபுறம் திரும்பினால் முதுகைப் பற்றலாம். அசையாது கிடந்தால் காலைக் கடத்தி மேலேறி அமரலாம். அதற்கு 4 புள்ளிகள். முழங்காலைக் கையால் தள்ளினாலோ, அவர் முழங்கை விலாவை விட்டு விலகும். கைப்பூட்டுக்கு வாயில் திறக்கும்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. என் முழங்காலின் கீழே இன்னொருவருடைய மூச்சு இருக்கின்றது. பாரத்தில் எவ்வளவை ஊன்றிய பாதம் தாங்குவது, எவ்வளவை அவர்மேல் இறக்குவது என்பதை நானே தீர்மானிக்கிறேன். உடன் பயில்பவர் புதியவராயின் பாதமே பெரும்பங்கைச் சுமக்க வேண்டும். அவர் கையால் தட்டிய கணமே பிடியை விட்டு எழ வேண்டும். இந்த நம்பிக்கை குலைந்தால், மறுநாள் என்னுடன் பயில எவர் வருவார்?

பலசாலி யார் என்று மாணவர் எவரேனும் என்னைக் கேட்டால், தன் பாரத்தை அளந்து வைக்கவும், வேண்டிய பொழுதில் எடுக்கவும் அறிந்தவரே என்பேன்.