கம்பெனி வாசலில் ஒரு காடு!

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ரோட்டில் போகிறவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் என்றால் மூன்று விஷயங்கள் சட்டென்று ஞாபகம் வரும். ஒன்று, ராமானுஜர் அவதரித்த ஊர். இரண்டு, 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். மூன்று, காலை வேளையில் கல்யாண ஊர்வலம் மாதிரி வரிசை கட்டி நின்று, நம்மை ஆபீசுக்கு லேட்டாக்கும் கம்பெனி பஸ்கள். நான்காவதாகவும் ஒன்று இருக்கிறது. எல்லோர் கண்ணிலும் படும்; யார் மனசிலும் பதியாது. கட்டை!

உடனே சந்தனக் கட்டை என்று பரபரக்காதீர்கள். வீரப்பன் கதை 2004-லேயே முடிந்துவிட்டது. நான் சொல்வது சாதா கட்டை. நாலு பலகை, மூணு சட்டம், கைப்பிடி ஆணி. அடித்து முடித்தால் அதற்குப் பெயர் பேலட்.

இந்த வட்டாரத்தின் ஜாதகத்தைக் கொஞ்சம் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து ஹூண்டாய் கார்கள் வருகின்றன. நோக்கியா 2006-ல் வந்தது, 2014-ல் கதவைச் சாத்தியது. ஸ்ரீபெரும்புதூரில் இடது பக்கம் திரும்பி சிங்கப்பெருமாள்கோயில் ரோட்டைப் பிடித்தால் வல்லம், வடகால் என்று சிப்காட் போர்டுகள். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரகடம். வண்டலூர் - வாலாஜாபாத் சாலை குறுக்கே வெட்டும் இடம். 2010-ல் ரெனோ - நிஸான் கார், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்த ஊர். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமியில் இப்போது கியர் பாக்ஸ் விளைகிறது.

விளைந்ததெல்லாம் எதன் மேல் உட்கார்ந்து ஊரைச் சுற்றுகிறது? பேலட் மேல்தான். எவ்வளவு உசத்தியான எஞ்சினாக இருந்தாலும், 1200க்கு 1000 மில்லிமீட்டர் மரப்பலகையில் ஏறினால்தான் ஃபோர்க் லிஃப்ட் மதிக்கும். கப்பலும் மதிக்கும்.

மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் புளியமரம், டீக்கடை, அப்புறம் தகரக் கொட்டகை. ரம்பம் கத்துகிற கத்தில் பக்கத்தில் நிற்பவர் என்ன சொன்னாலும் “சரி சரி” என்றுதான் தலையாட்ட வேண்டும். பி.காம். படித்தவனுக்கு மரம் என்றால் ஃபர்னிச்சர். ஃபர்னிச்சர் என்றால் தேய்மானம் 10 சதவிகிதம். அதற்கு மேல் மரத்தைப் பற்றி எங்களுக்கு எந்தப் பேப்பரிலும் கேள்வி வந்ததில்லை. அதனால் கொட்டகை முதலாளியையே கேட்டேன். செங்கோட்டைப் பக்கத்துக்காரர். அறுபதைத் தொடும் வயசு.

“இது என்ன மரம் அண்ணாச்சி?”

“இது ரப்பர் தம்பி, கன்னியாகுமரிப் பக்கம் தோட்டத்துல வெட்டுனது. அது சில்வர் ஓக்கு. அந்தா கெடக்குது பாருங்க, அதுக்குப் பேரெல்லாம் கெடையாது. ஜங்கிள் வுட்டுன்னு பில் போட்டுருவோம்!”

பெயர்தான் ஜங்கிள், வருவது பெரும்பாலும் வயல் வரப்பிலிருந்தும் தோட்டத்திலிருந்தும். இந்திய வன அளவைத் துறையின் 2023 அறிக்கையே, காட்டுக்கு வெளியே நிற்கும் மரங்களிலிருந்து வருஷத்துக்கு 9.15 கோடி கனமீட்டர் தொழில் மரம் கிடைக்க வழியிருப்பதாகக் கணக்குச் சொல்கிறது. 1987-லிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒன்றாக வரும் இந்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அண்ணாச்சியிடம் சொன்னேன். “அப்படியா! நம்மளையும் ஒருத்தன் எண்ணுதானா?” என்று சந்தோஷப்பட்டார்.

அவர் சந்தோஷம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. கொட்டகை ஓரத்தில் 120 பேலட்கள் அடுக்கியிருந்தன. ஒரு கம்பெனி திருப்பி அனுப்பிய லோடு. “ஈரம் 20 சதவிகிதத்துக்குள்ள இருக்கணும்னு ஆர்டர். மீட்டர வச்சுப் பாத்தா 24 காட்டுதாம். ஹெச்.டி. முத்திரை பளிச்சுனு இருக்கு, பெறவு என்ன ஈரம்? வாரக் கூலி கொடுக்கணும் தம்பி, பதினோரு பேரு.”

அந்தக் கம்பெனியின் டிஸ்பாட்சில் இருப்பவர் என் நண்பர். என்னை அங்கே கூட்டிப்போனவரும் அவர்தான். பெயர் வேண்டாம், வேலை முக்கியம். அவர் பக்கத்து நியாயமும் லேசானதல்ல. ஈரக் கட்டையோடு கன்டெய்னர் போய், அக்கரையில் திறக்கும்போது பூஞ்சணமும் துருவும் இருந்தால் மெமோ அவருக்குத்தான். இரண்டு பேருமே பயந்த மனுஷர்கள். இரண்டு பேர் கையிலும் ஆதாரம் இல்லை. ஒருத்தர் கையில் முத்திரை, இன்னொருத்தர் கையில் மீட்டர்.

முதலில் முத்திரை. பேலட் பக்கவாட்டில் ஒரு கோதுமைக் கதிர், பக்கத்தில் ஐ.என்., ஹெச்.டி. என்று சூடு போட்டிருப்பார்கள். 1996-ல் நியூயார்க் புரூக்ளின் மரங்களில் ஓர் ஆசிய வண்டு பிடிபட்டது. வெளிநாட்டுப் பெட்டிக் கட்டைக்குள் விசா இல்லாமல் வந்த பயணி! இந்த மாதிரி விருந்தாளிகளைத் தடுக்க 2002-ல் ஒரு சர்வதேச விதி வந்தது. கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு, விடாமல் 30 நிமிஷம். புழு பூச்சி கைலாசம் போய்விடும். அவ்வளவுதான் அதன் வேலை. கட்டை காய்ந்துவிட்டது என்று அந்த முத்திரை எங்கேயும் சொல்லவில்லை. மொத்த விதியும் ஐ.நா. உணவு அமைப்பின் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. நண்பர் செல்போனில் திறந்து காட்டினார். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “இத்தன வருஷமா காஞ்சதுக்குத்தான் முத்திரைன்னுல்லா நெனச்சேன்!”

அடுத்தது மீட்டர். இதற்கு நண்பர் எடுத்தது அமெரிக்க அரசாங்கத்தின் மரக் கையேடு. விஸ்கான்சின் மாநிலம் மாடிசனில் 1910-ல் தொடங்கிய அரசு ஆய்வுக்கூடம், 1935-ல் முதலில் போட்ட புத்தகம். கடைசியாக 2021-ல் புதுப்பித்தது. அமெரிக்க மத்திய அரசு தயாரிக்கும் நூல்களுக்கு அந்த நாட்டில் காப்புரிமை கிடையாது. ஜனங்களின் வரிப்பணத்தில் எழுதினது, ஜனங்களுக்கே சொந்தம் என்ற கணக்கு. நமது தேக்கும் ஈட்டியும்கூட அதில் இருக்கின்றன.

அதில் ஈரக் கணக்கைப் பாருங்கள், கணக்கர்களுக்கே மயக்கம் வரும். கட்டையில் இருக்கும் தண்ணீரின் எடையை, முழுசாகக் காய்ந்த கட்டையின் எடையால் வகுக்க வேண்டும். அதனால் பச்சை மரத்தில் ஈரம் 100 சதவிகிதத்தைத் தாண்டியும் போகலாம்! காய்ந்த எடை 20 கிலோ உள்ள பேலட், 25 சதவிகித ஈரத்தில் 25 கிலோ இருக்கும். 12 சதவிகிதத்தில் 22.4 கிலோ. வித்தியாசம் 2.6 லிட்டர் தண்ணீர். நாற்பதடி கன்டெய்னரில் இப்படி 40 பேலட் ஏற்றினால், அந்த அளவுக்கு வற்றுவதற்குள் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளேயே ஆவியாகிக் கூரையில் வியர்த்து, பளபளக்கும் இரும்புப் பாகத்தின் தலையில் சொட்டும். கடலுக்கு நடுவே ஒரு குட்டி வடகிழக்குப் பருவமழை!

அண்ணாச்சிக்கு ஆதரவாகவும் ஒரு விஷயம் கிடைத்தது. ஊசி குத்திப் பார்க்கும் மீட்டர்கள் பலவும் ‘டக்ளஸ் ஃபர்’ என்ற அமெரிக்க மரத்துக்கு அளவு வைத்தவை. வேறு மரத்தில் குத்தினால் அதற்கேற்பத் திருத்தம் போட வேண்டும். ரப்பர் மரத்தில் குத்திவிட்டு அப்படியே எழுதினால், மதுரைக்காரருக்கு டெல்லி வெயிலைச் சொன்ன கதைதான். சந்தேகமறப் பார்க்க ஒரு துண்டை வெட்டி எடைபோட்டு, சுமார் 103 டிகிரி அடுப்பில் எடை குறையாமல் நிற்கும்வரை காயவைத்து, மறுபடி எடைபோட வேண்டும்.

கம்பெனி லேபில் அடுப்பு இருந்தது. போட்டுப் பார்த்தார்கள். வந்தது 22. மீட்டர் சொன்ன 24-ம் இல்லை, ஆர்டர் கேட்ட 20-ம் இல்லை. லோடு ரத்தாகவில்லை, இரண்டு வாரம் தவணை கிடைத்தது.

அந்த இரண்டு வாரத்தில் என்ன செய்வது என்பதற்கு அமெரிக்கா போக வேண்டாம். மரம் காயவைக்கும் முறைக்கென்றே ஐ.எஸ். 1141 என்று ஒரு இந்தியத் தரம் இருக்கிறது. தரையிலிருந்து தூக்கி, இடையிடையே குறுக்குக் கட்டை கொடுத்து, மேலே கூரை போட்டு, காற்று ஊடாடும்படி அடுக்கச் சொல்கிறது. அண்ணாச்சி மழையில் திறந்தவெளியில் விட்டிருந்தார். காற்றில் ஈரப்பதம் 90 சதவிகிதம் என்று நின்றால், காய்ந்த கட்டையும் மெல்ல மெல்லக் குடித்து 20 சதவிகிதத்துக்குப் போய்விடும். மரம் செத்தாலும் அதன் தாகம் சாவதில்லை.

இந்தத் தரங்களையெல்லாம் முன்பு காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பொதுமக்களின் பாதுகாப்புக்கான விதியை விலைக்கு விற்கலாமா என்று 2015-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். இப்போது பி.ஐ.எஸ். தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் இந்தியத் தரங்கள் இலவசம். ஐ.எஸ். 399-ஐ மட்டுமாவது இறக்கிப் பாருங்கள். 1963-ல் வந்த, நம் நாட்டு வணிக மரங்களின் பட்டியல்.

மரம் எத்தனை நாள் தாங்கும் என்று கண்டுபிடித்த விதம் ரசமானது. டேராடூனில் வன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1906-ல் தொடங்கியது. அங்கே கட்டைத் துண்டுகளைப் பாதி மண்ணில் புதைத்து, கரையானுக்கு விருந்து வைத்து, மாதக் கணக்கில் காத்திருப்பார்கள். இதற்குப் பெயரே ‘கல்லறைச் சோதனை’. 120 மாதம் தாங்கினால் முதல் வகுப்பு. 60-க்குக் கீழே என்றால் மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பு. மாமரமும் இலவமும் மூன்றாவது. நம்மில் பலர் ஒரே கம்பெனியில் 60 மாதம் தாங்குவதில்லை என்பதை நினைத்தால் இலவமரத்தைக் கேலி செய்ய மனசு வரவில்லை.

பழைய புத்தகங்களும் வெளியே வந்துவிட்டன. டேராடூன் வனப்பள்ளிக்குத் தலைமை வகித்த கேம்பிள் துரை 1881-ல் எழுதி 1902-ல் விரித்த இந்திய மரக் கையேடு, ட்ரூப் 1921-ல் மூன்று பாகமாக எழுதிய மரவளர்ப்பு நூல், பியர்சனும் பிரவுனும் 1932-ல் எழுதிய வணிக மரங்கள்... எல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கின்றன. சில பக்கம் கோணலாக இருக்கும். சிலதில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரலும் சேர்ந்து பதிவாகியிருக்கும். பரவாயில்லை, கட்டையைப் பற்றிய புத்தகம்தானே! நம் சட்டப்படி அரசு நூலுக்கு 60 வருஷம்தான் காப்புரிமை. டேராடூன் நிலையம் ‘இந்திய மரங்கள்’ வரிசையில் 1958-ல் வெளியிட்ட முதல் பாகம், அந்தக் கணக்கில் 2019 பிறந்தபோதே பொதுச் சொத்தாகிவிட்டது.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. தமிழ்ப் பெயரைப் போட்டால் ஏமாறுவீர்கள். இந்தப் பட்டியல்களில் நம்ம வாகைக்குப் பெயர் ‘கொக்கோ’. வேங்கை ‘பிஜாசால்’. இலவம் ‘செமுல்’. வெண்தேக்கு தேய்ந்து ‘பென்டீக்’ ஆகிவிட்டது. நம்ம ஊரிலும் குழப்பம் உண்டு. வாகை வேறு, தூங்குமூஞ்சி வேறு. மரவாடியில் இரண்டையும் வாகை என்றே விற்பார்கள். தாவரவியல் பெயர் தெரிந்தால் பில்லில் யார் என்ன பெயர் போட்டாலும் பிடித்துவிடலாம்.

ராமானுஜர் கதை தெரியும்தானே? திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு தடவை நடையாய் நடந்து ரகசிய மந்திரத்தைக் கற்றுக்கொண்டு, மறுபடியும் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொல்லிவிட்டார் என்பார்கள். அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மந்திரம் இப்போது செல்போனிலேயே வந்துவிட்டது. ஒரே ஒரு குறை. மந்திரம் இங்கிலீஷில் இருக்கிறது!

அண்ணாச்சி அதைத்தான் கேட்டார். “எல்லாம் சரி தம்பி. தமிழ்ல இருக்கா?”

மரம் வளர்க்கத் தமிழில் படிக்கலாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் வனவியல் பக்கங்கள் தமிழிலேயே இருக்கின்றன. ஆனால் அங்கே பேச்சு பெரும்பாலும் நடுவது, உரமிடுவது, வெட்டுவது பற்றி. வெட்டிய பிறகு அந்த மரத்தோடு மல்லுக்கட்டுபவர், ஆணி அடிப்பவர், கூலிக்கு ரம்பம் பிடிப்பவர், இவர்களுக்கான ஒரு பக்கம் தமிழில் வேண்டும். கோவையில் 1902-லிருந்து காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. 1988-லிருந்து மத்திய அரசின் மர மரபியல் நிலையம் இருக்கிறது. சரக்கு அவர்களிடம் உண்டு. பத்து மரம், பத்து பக்கம், நல்ல தமிழ், ஒரு பி.டி.எஃப். பட்ஜெட்டில் துண்டு விழாது.

அதுவரைக்கும்? நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அரைப் பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டார். முத்திரை என்றால் என்ன, ஈரம் என்றால் என்ன, எப்படி அடுக்குவது. அண்ணாச்சி அதைக் கொட்டகைச் சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். 120 பேலட்டும் காய்ந்து, போய்ச் சேர்ந்து, பில் பாஸாகிவிட்டது.

உங்கள் கம்பெனிக்கும் யாரோ ஒரு அண்ணாச்சி கட்டை சப்ளை செய்துகொண்டிருப்பார். அடுத்த தடவை லோடைத் திருப்பி அனுப்பக் கையெழுத்துப் போடும் முன், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பத்து நிமிஷம் செல்போனை எடுங்கள். ரீல்ஸ் பார்க்க அல்ல!